ஒரே சாலையில் பல ஊர்ப் பழக்கங்கள்: தோட்டப்புற நகரில் பாதுகாப்பாக வாகனமோட்டும் முறை

பேராக் மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தான் நோக்கிக் காலை ஆறரை மணிக்கு 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் செல்கின்றவர், தாம் மலேசியச் சாலையொன்றில் செல்வதாகவே எண்ணுவார். முன்னும் பின்னும் வருகின்றவர்களைச் சற்று உற்று நோக்கினால் அது பாதி உண்மைதான் என்று விளங்கும். செம்பனைத் தோட்டத்து முகப்பிலிருந்து வெளிவரும் மோட்டார் சைக்கிளில் வங்காளதேசத் தொழிலாளி இருக்கிறார். சாலையோரமாகச் சைக்கிள் மிதிப்பவர் இந்தோனேசியர். கடைக்கு நடந்து போகும் இருவர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். பேத்தியைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் முதியவர் தோட்டத்துக்குள் டிராக்டர் ஓட்டிக் கற்றவர். பின்னால் நெருக்கிக்கொண்டு வரும் காரில் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய இளைஞர் இருக்கிறார். அறிவிப்புப் பலகை அனைவருக்கும் ஒன்றே என்றாலும், மற்றவர் அடுத்து என்ன செய்வார் என்ற எதிர்பார்ப்பு ஒவ்வொருவருக்கும் வேறு. விபத்துகளில் பல இந்த எதிர்பார்ப்புகள் பொருந்தாத இடத்தில்தான் நிகழ்கின்றன.

இத்தகைய நகரில் நாள்தோறும் வாகனமோட்டுகின்றவர்களுக்கும், இங்கிருந்து தாய்லாந்துக்கோ சிங்கப்பூருக்கோ தமிழகத்துக்கோ சென்று சாலையில் இறங்குகின்றவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் விட வேண்டிய எண்ணம்

சாப்பாட்டுக் கடையில் விபத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால் அது விரைவில் இனத்தைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். "இவர்கள் இப்படித்தான் ஓட்டுவார்கள்" என்று ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைப் பற்றிச் சொல்லும். பாதுகாப்பாக ஓட்ட விரும்புகின்றவர் முதலில் கைவிட வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். அது நாகரிகமற்றது என்பது ஒரு காரணம். சாலையில் அது தவறான கணக்கைத் தரும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

நியூயார்க் நகரிலுள்ள ஐக்கிய நாட்டு நிறுவனத் தூதர்களின் வாகன நிறுத்தக் குற்றங்களை ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகுவெல் என்னும் இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தனர். தூதர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்ததால் அபராதம் கட்டாவிட்டாலும் அவர்களை ஒன்றும் செய்ய முடியாத காலம் அது. ஊழல் மிகுந்த நாடுகளிலிருந்து வந்த தூதர்கள் மிகுதியான குற்றச்சீட்டுகளைச் சேர்த்தனர். ஸ்காண்டிநேவிய நாட்டுத் தூதர்கள் ஏறக்குறைய ஒன்றும் சேர்க்கவில்லை. இதுவரை கேட்டால் கடை மேசைப் பேச்சு சரியென்றே தோன்றும். ஆனால் 2002-இல் தூதரக எண்பட்டையைப் பறிக்கும் அதிகாரம் மாநகருக்குக் கிடைத்த பிறகு, அதே மனிதர்கள் அதே நகரில் செய்த குற்றங்கள் ஏறக்குறைய 98 விழுக்காடு குறைந்தன. பழக்கம் மனிதனோடு பயணம் செய்கிறது என்பதும், இடத்தின் விதி உறுதியாக இருந்தால் அது மாறிவிடுகிறது என்பதும் அந்த ஆய்விலிருந்து ஒருங்கே தெரிகின்றன.

வியட்நாமில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணியாமல் செல்வதே அந்நாட்டு இயல்பு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2007 டிசம்பர் 15-இல் நாடு முழுவதும் சட்டம் நடைமுறைக்கு வந்து, காவலர்களும் சாலையில் நின்றபோது, அணிவோர் விகிதம் பெரும்பாலும் உடனடியாகவே 90 விழுக்காட்டைத் தாண்டிற்று. நம்மவர் கதையும் அவ்வாறுதான். ஜொகூர் பாருவில் சிவப்பு விளக்கை மதியாமல் நழுவிச் செல்பவர், பாலத்தைக் கடந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் இறங்கியதும் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நிற்கிறார். பாலத்தின் நடுவில் அவருடைய இரத்தம் மாறிவிடுவதில்லை.

ஆகவே எதிரில் வருபவரை முகத்தைக் கொண்டு கணிக்காதீர்கள். எந்த இடத்தில் வருகிறார், எந்த நேரத்தில் வருகிறார், எவ்வகை வண்டியில் வருகிறார், என்ன சுமையோடு வருகிறார் என்று பாருங்கள். இந்த நான்கும் சரியாக அமைந்துவிட்டால், அவர் எந்த நாட்டவர் என்பது பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படும் ஓரிரு இடங்களைக் கீழே குறிப்பிட்டிருக்கிறேன்.

தோட்ட முகப்புகளைக் கடப்பது

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கின்றனர். 5 முதல் 29 வயதுவரை உள்ளவர்களின் இறப்புக்கு முதற்காரணம் இதுவே. மலேசியாவில் ஓராண்டில் 6,000 பேருக்கு மேல் இறந்த ஆண்டுகள் பல உண்டு. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தோட்டப்புற நகரில் இந்த எண்ணிக்கைக்கு உருவம் கொடுக்கும் இடம் தோட்டத்துச் செம்மண் பாதை தார்ச்சாலையில் சேரும் முகப்பாகும்.

தோட்டத்துக்குள் ஓட்டுவது தனிப்பழக்கம். அங்கே எதிர் வண்டி அரிது, வேகம் குறைவு, தலைக்கவசத்தைக் கேட்பவர் இல்லை, சந்திப்பில் நிற்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. அந்தப் பழக்கத்தோடே பலர் தார்ச்சாலைக்கு வந்துவிடுகின்றனர். ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர், செம்பனைக் குலையறுக்கும் அரிவாளைக் கட்டிய நீண்ட கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர், உரச்சாக்கில் உதிரிப்பழத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் என வெளிவருகின்ற இவர்களில் பலர் வலப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நிற்காமலேயே சாலையில் ஏறுவார்கள்.

நெடுஞ்சாலையில் வருகின்றவர் செய்ய வேண்டியது எளிது. தோட்டத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டவுடனேயே முடுக்கியிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் கடந்துவிடும். மூளை ஆபத்தை உணர்ந்து கால் பிரேக்கை மிதிப்பதற்குள் அந்த ஒரு விநாடியோ அதற்கு மேலோ கழிந்துவிடுகிறது. கால் முன்கூட்டியே பிரேக்கில் இருந்தால் அதில் ஒரு பகுதி மிச்சமாகும். மழைக்குப் பிறகு லோரிச் சக்கரங்கள் இழுத்துவந்த செஞ்சேறு முகப்பின் முன்னால் தாரின் மேல் படர்ந்திருக்கும்; அதன்மீது சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக்கை அழுத்தாமல் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது நல்லது. குலை ஏற்றிய லோரியிலிருந்து சிதறிய பழங்கள் மோட்டார் சைக்கிளோட்டிக்கு இதே அளவு ஆபத்தானவை.

முகப்பிலிருந்து வெளியேறுகின்றவருக்கு வேறொரு எச்சரிக்கை. இடப்பக்கம் திரும்பும்போது நாம் வலப்பக்கத்தை மட்டும் பார்ப்பது வழக்கம், ஏனெனில் வாகனங்கள் அங்கிருந்துதான் வர வேண்டும். ஆனால் நம் ஊர்களில் எதிர்ப்புறத்துக்குச் செல்ல நெடுந்தொலைவு சுற்ற மனமில்லாத மோட்டார் சைக்கிளோட்டிகள் சாலையோரமாக எதிர்த்திசையில் வருவது அன்றாட நிகழ்ச்சி. வலம், இடம், மீண்டும் வலம் என்று மூன்று முறை பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

ஒருவருடைய நாடு உண்மையிலேயே பயன்படும் இடம் இங்கே வருகிறது. வங்காளதேசம், இந்தியா, நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகின்றனர். மியன்மார் 1970 டிசம்பரில் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. வியட்நாமும் பிலிப்பைன்ஸும் வலப்பக்கமே. வலப்பக்க நாட்டில் வளர்ந்தவர் சாலையைக் கடக்கக் காலெடுத்து வைக்கும்போது கண் தன்னியல்பாக முதலில் இடப்பக்கம் திரும்பும். அவரை நோக்கி முதலில் வரும் வாகனமோ இங்கே வலப்பக்கத்திலிருந்து வருகிறது. மியன்மார் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்புகளின் அருகே சாலையோரத்தில் நிற்பவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். கண்ணும் கண்ணும் சந்திக்கும்வரை அவர் உங்களைப் பார்க்கவில்லை என்றே கொள்ளுங்கள். தோட்டத்தில் மேற்பார்வை செய்பவர்கள், புதிதாக வந்தவர்களுக்கு வேலைக் கருவிகளைக் காட்டும் முதல் நாளிலேயே அவர்களைச் சாலையோரத்துக்கு அழைத்துச் சென்று, எந்தப் பக்கம் முதலில் பார்க்க வேண்டும் என்று காட்டிவிடலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை.

விளக்கும் ஹாரனும் சொல்வது

முன்விளக்கைச் சிமிட்டுவதற்கு இங்கே பொதுவாக உள்ள பொருள் "நான் நிற்கப் போவதில்லை, நீங்கள் நுழையாதீர்கள்" என்பதாகும். தாய்லாந்திலும் இந்தியாவிலும் பெரும்பாலும் அதுவே. பிரிட்டனிலோ "நீங்கள் போங்கள், நான் காத்திருக்கிறேன்" என்பதற்காகப் பலர் சிமிட்டுகின்றனர்; அந்நாட்டு நெடுஞ்சாலை விதிநூல், நான் இங்கிருக்கிறேன் என்று உணர்த்துவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்தச் சொல்கிறது. அங்கே படித்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் முதல் சில வாரங்களில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சிமிட்டலைப் பார்த்து வண்டியை எடுக்காதீர்கள்; எதிர் வண்டியின் சக்கரம் உண்மையாகவே மெதுவாகிறதா என்று பார்த்து எடுங்கள்.

லோரியின் சிக்னல் இன்னும் குழப்பமானது. ஒற்றைத்தட நெடுஞ்சாலையில் பின்னால் காத்திருப்பவருக்கு உதவுவதற்காக, முன்னால் வழி திறந்திருந்தால் இடப்பக்கச் சிக்னலையும், எதிரில் வண்டி வந்தால் வலப்பக்கச் சிக்னலையும் போட்டுக் காட்டும் லோரி ஓட்டுநர்கள் நம் நாட்டில் உள்ளனர். இந்தியாவில் சிலர் வலப்பக்கச் சிக்னலைப் போட்டால் "முந்திக்கொள்" என்று பொருள். போதாக்குறைக்கு, வலப்பக்கம் திரும்பப் போகின்ற லோரியும் அதே சிக்னலைத்தான் போடும். லோரி அண்ணன் நல்ல மனத்தோடு காட்டியிருக்கலாம். ஆனால் அது உங்களுக்குக் கிடைத்த அனுமதி அன்று. இரட்டைக் கோடு இல்லாத இடத்தில், எதிர்ச்சாலை முழுவதும் உங்கள் கண்ணுக்கே தெரியும்போது மட்டும் முந்துங்கள்.

ஹாரன் தமிழகச் சாலையில் வெறும் செய்தி. நான் பின்னால் வருகிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதை அடிக்கும்படி லோரிகளின் பின்புறத்திலேயே எழுதியிருப்பார்கள். மலேசியாவில் அது பெரும்பாலும் கோபத்தின் ஒலியாகவே கேட்கப்படுகிறது. அதனால் சண்டை மூண்டு, வண்டியை மறித்துக் கம்பியோடு இறங்கும் அளவுக்குப் போவதும் உண்டு. ஆபத்தைத் தவிர்ப்பதற்கு ஒரு குறுகிய ஒலி போதும். பாடம் கற்பிப்பதற்காக அழுத்திப் பிடிக்காதீர்கள். தவறு உங்களுடையதாக இருந்தால் கையை உயர்த்திக் காட்டுங்கள். எந்த இனத்தவராக இருந்தாலும் அந்தக் கையசைவு புரிந்துவிடும். சூடும் பெரும்பாலும் அங்கேயே தணிந்துவிடும்.

மழைக்கு வருவோம். கனமழை தொடங்கியதும் நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒருசேரச் சிமிட்டவிட்டு ஓட்டுவது நம் நாட்டில் பரவலான பழக்கமாகிவிட்டது. நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தீங்கு என்று இதைச் சொல்வேன். எல்லாம் சிமிட்டினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. நின்றுவிட்ட வண்டிக்கும் ஓடுகின்ற வண்டிக்கும் வேறுபாடு காண முடியாது. முன்விளக்கைப் போடுங்கள், பின்விளக்கும் சேர்ந்து எரியும், அது போதும். ஓட்டவே இயலாத மழையென்றால் சாலையை விட்டு முழுவதும் விலகி நிறுத்திய பிறகு அந்த நான்கு விளக்குகளையும் பயன்படுத்துங்கள். மோட்டார் சைக்கிளில் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் இருந்துவரும் விதி. எரியாத விளக்கோடு தோட்டத்திலிருந்து வரும் வண்டிகளை மாதம் ஒருமுறையாவது வீட்டார் சரிபார்த்துவிட வேண்டும்.

இடைவெளியும் பாரமும்

முன்வண்டிக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியை மீட்டரில் அளக்க முடியாது, விநாடியில் அளக்கலாம். முன்வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். மழையில் நான்கு வரை எண்ணுங்கள். "இடைவெளி விட்டால் வேறொருவன் நுழைந்துவிடுவான்" என்பது இங்கே எல்லோரும் சொல்லும் மறுப்பு. நுழையட்டும், மீண்டும் பின்வாங்குங்கள். தெலுக் இந்தானிலிருந்து பீடோர் செல்லும்வரை பத்துப் பேர் நுழைந்தாலும் நீங்கள் இழக்கப்போவது ஓரிரு நிமிடமே.

கூட்டரசுச் சாலைகளில் பொதுவான உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். பெருநாள் காலங்களில் அரசாங்கம் அதை 80-ஆகக் குறைப்பதுண்டு. பள்ளி வட்டாரங்களில் 30. சராசரி வேகத்தை 5 விழுக்காடு குறைத்தால் உயிரிழப்பு விபத்துகள் 30 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 90-இல் 5 விழுக்காடு என்பது நாலரை கிலோமீட்டர்தான்.

லோரிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த வட்டாரம் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2025 மே 13 காலையில், தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமி ஊர்வலப் பாதுகாப்புப் பணியை முடித்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனமும் கல் ஏற்றிவந்த லோரியும் சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் மோதியதில் 9 போலீசார் உயிரிழந்தனர். லோரி அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருந்தது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. பாரம் ஏற்றியது யார், அனுப்பியது யார், வண்டியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது, நடைக்கு இவ்வளவு என்று கூலி கட்டி ஓட்டுநரை விரட்டியது யார் என்று கேட்டுக்கொண்டே போனால், ஓட்டுநரின் நடத்தை என்று நாம் சொல்வதில் பாதி அவருடைய இருக்கையில் இல்லை, அலுவலகத்தில் இருக்கிறது என்பது புலப்படும். லோரி ஓட்டும் தம்பியோ அண்ணனோ வீட்டில் இருந்தால், நடைக்கணக்கில் கூலி தரும் இடத்தைவிட மாதச் சம்பளம் தரும் இடத்தை நாடச் சொல்வதும் ஒரு சாலைப் பாதுகாப்பு நடவடிக்கைதான்.

காரில் செல்கின்றவர்கள் பாரமேற்றிய லோரி வளைவில் தன் தடத்துக்குள் நிற்கும் என்று எண்ணக் கூடாது. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து இடப்பக்க ஓரத்தை ஒட்டிச் செல்லுங்கள். லோரிக்குப் பின்னால் செல்லும்போது அதன் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் ஓட்டுநருக்கும் நீங்கள் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளோட்டிகள், திரும்பக் காத்திருக்கும் லோரியின் இடப்பக்கச் சந்தில் ஒருபோதும் நுழையக் கூடாது.

குடும்பத்துக்குள் சொல்ல வேண்டியவை

நம்மவர் பண்பாட்டில் சாலையைத் தொடும் இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஓட்டுகின்றவர் வயதில் மூத்தவராக இருந்தால், உடன் செல்பவர்கள் அவரை மெதுவாகப் போகச் சொல்வதில்லை. மரியாதைக்காகப் பின்னிருக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். இதற்கு நேர்வழி இல்லையென்றால் சுற்றுவழி போகலாம். "மாமா, அம்மாவுக்குத் தலை சுத்துதாம், கொஞ்சம் மெல்ல போங்களேன்" என்று சொன்னால் எந்த மாமாவும் கோபிக்க மாட்டார். தூக்கம் வருவதாகத் தெரிந்தால் தேநீர்க் கடையில் நிறுத்தச் சொல்லி, பசியை உங்கள்மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்தச் சிறு பொய்களில் குற்றமில்லை என்பது என் கருத்து.

பின்னிருக்கையில் பாதுகாப்பு வார் அணிவது 2009 சனவரி முதல் மலேசியாவில் கட்டாயம். குழந்தைகளுக்குரிய தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். ஆயினும் முன்னிருக்கைகளுக்கு நடுவே பிள்ளை நின்றுகொண்டு வருவதை எந்தக் கல்யாண நாளிலும் காணலாம். டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் இறந்தபோது உயர்தரக் காரின் பின்னிருக்கையில் வார் அணியாமல்தான் அமர்ந்திருந்தார். காரின் விலை வாருக்கு ஈடாகாது. புதுக்காருக்குப் பூசை போட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கும் அதே நாளில் குழந்தை இருக்கையையும் பொருத்திவிடுங்கள்.

மதுவைப் பற்றிச் சுருக்கமாக: 2020 அக்டோபர் முதல் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் என்பதே உச்ச அளவு, முன்பு அது 80-ஆக இருந்தது. மதுபோதையில் ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை காத்திருக்கிறது. தீபாவளிக்கும் திருமணத்துக்கும் குடிப்பவர்கள் குடிக்கத்தான் செய்வார்கள் என்றால், விருந்து தொடங்குவதற்கு முன்பே சாவிகளை ஒருவரிடம் கொடுத்துவைக்கும் வழக்கத்தை வீட்டுப் பெண்கள் ஏற்படுத்திவிடலாம். குடித்துவிட்டவரிடம் அதன் பிறகு சாவியைக் கேட்டால் கிடைக்காது.

இரவுப் பொழுது தனிக்கவனம் வேண்டுவது. தோட்டத்து மாடுகள் பகல் வெயிலில் சூடேறிய தாரின்மேல் இரவில் படுத்துக்கொள்கின்றன. கறுப்பு மாடு அருகில் வரும்வரை தெரியாது. தைப்பூசத்துக்கு முந்திய இரவுகளில் நடந்து செல்லும் பக்தர்கள் மஞ்சள் ஆடையோடு இருந்தாலும் விளக்கொளி எட்டும்வரை அவர்களும் தெரிவதில்லை. கூட்டமாக நடப்பவர்களில் கடைசியாக நடப்பவர் ஒளியைத் திருப்பியனுப்பும் மேலங்கி அணிந்து கைவிளக்கோடு செல்லட்டும். குளிருக்காக மேலங்கியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஓட்டும் மோட்டார் சைக்கிளோட்டிகள் அதன் ஒளிப்பட்டைகள் இப்போது எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளியூர் செல்லும்போது

சுவீடன் 1967 செப்டம்பர் 3-ஆம் நாள் ஒரே இரவில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது, விபத்து பெருகும் என்று அஞ்சினார்கள். தொடக்கத்தில் அது குறைந்தது. எல்லோரும் பயந்து பயந்து ஓட்டினார்கள். பழகிய பிறகு விபத்தும் பழைய அளவுக்கே திரும்பிற்று. அயலூரில் முதல் நாளைவிட நான்காம் நாள் ஆபத்தானது என்று இதைக்கொண்டு நான் கருதுகிறேன். பயம் தெளிந்துவிடும், கண்ணும் காலும் இன்னும் பழையபடியே இருக்கும்.

பேராக்கிலிருந்து பெங்காலான் ஊலு வழியாகத் தாய்லாந்தின் பெத்தோங்குக்கோ, புக்கிட் காயு ஹீத்தாம் வழியாக ஹாட்யாய்க்கோ செல்கின்றவர்கள் பலர். ஆசியான் நாடுகளின் 1985 உடன்பாட்டின்படி மலேசிய ஓட்டுநர் உரிமம் அங்கே ஏற்கப்படும். தாய்லாந்துக் காப்புறுதியைத் தனியே வாங்க வேண்டும். அங்கே பிரிவுச் சாலைகளின் நடுவே திரும்புவதற்குரிய திறப்புகள் மிகுதி. வலத்தடத்தில் வேகமாகச் செல்பவரின் முன்னால் மெதுவான வண்டி திடீரென்று வந்து சேரும். இடத்தடத்திலேயே செல்லுங்கள். நம் சித்திரைப் புத்தாண்டையொட்டி அங்கே சொங்கிரான் நீர்விழா நடைபெறும். அந்த ஏழு நாள்களை அந்நாட்டு அரசாங்கமே ஆபத்தான நாள்கள் என்று அறிவித்து எச்சரிக்கிறது. அப்போது சொந்த வண்டியில் செல்லாமலிருப்பதே அறிவுடைமை.

சிங்கப்பூரில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. பலகையில் உள்ளதைச் செய்தால் போதும். சிக்கல் திரும்பி வரும்போதுதான். அங்கே நடைக்கடப்பில் கார் நிற்கும் என்று பழகிய பிள்ளைகள் இங்கும் அவ்வாறே காலெடுத்து வைத்துவிடுவார்கள். ஊருக்கு வந்த முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

தமிழகத்துக்குக் கோயில் பயணம் செல்கின்றவர்கள் தாமே ஓட்டாமல் ஓட்டுநரோடு வண்டி அமர்த்திக்கொள்வதே சிறந்தது. மொழி ஒன்றாக இருப்பதால் சாலையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நால்வழிச் சாலையின் நடுத்திறப்பில் இருசக்கர வண்டிகள் கடப்பதும், எதிர்த்திசையில் டிராக்டர் வருவதும் அந்த ஓட்டுநருக்குத் தெரிந்த கணக்கு, உங்களுக்குத் தெரியாது. ஆனால் அவரைத் தூங்கவைப்பது உங்கள் பொறுப்பு. காலையில் பழனி, மாலையில் மதுரை, இரவோடு இரவாக இராமேசுவரம் என்று திட்டம் போட்டுவிட்டு, அண்ணன் பழக்கப்பட்டவர் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் பயணம் இல்லை என்று பேரம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். அவருக்குப் படுக்க இடமும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

மோதல் நேர்ந்துவிட்டால்

வண்டியை நிறுத்திய பிறகு முதலில் பின்னால் வருபவர்களை எச்சரியுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை நன்கு பின்னால் வையுங்கள். அடிபட்டவரின் தலைக்கவசத்தை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். அவசர எண் 999. ஆம்புலன்சுக்கு இடம் சொல்லும்போது தோட்டத்தின் பெயரும் சாலையோரக் கிலோமீட்டர்க் கல்லின் எண்ணும் மிகவும் உதவும்.

அயல்நாட்டுத் தொழிலாளி மோதலில் சிக்கினால், அடிபட்ட நிலையிலும் அவர் எழுந்து ஓட முற்படலாம். அது குற்ற உணர்வாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆவணங்களைப் பற்றிய அச்சமாகவும் இருக்கலாம். சூழ்ந்து நின்று கத்தினால் அந்த அச்சம் மிகும். "பாய், உட்காருங்க, ஒண்ணும் இல்ல" என்ற தொனியில் எந்த மொழியில் சொன்னாலும் கேட்பார். யார்மேல் தவறு என்று நடுச்சாலையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வண்டிகளை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழைக்காமலேயே வந்து சேரும் இழுவை வண்டிக்காரரிடம் சாவியையும் கொடுக்க வேண்டாம், எந்தத் தாளிலும் கையெழுத்தும் போட வேண்டாம். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணை முதலில் அழையுங்கள்.

போலீஸ் புகாரை 24 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். வேலைக்குச் செல்லும்போதோ வேலையிலிருந்து திரும்பும்போதோ நேர்ந்த விபத்தென்றால் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் இழப்பீடு கோர வாய்ப்பு உண்டு. 2019 சனவரி முதல் சட்டப்படி வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் அதன் வேலையிட விபத்துத் திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டிருக்கின்றனர் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே புகாரில் விபத்து நேர்ந்த நேரத்தையும், எங்கிருந்து எங்கே சென்றுகொண்டிருந்தார் என்பதையும் தெளிவாகப் பதியச் சொல்லுங்கள். அதன் படியையும் மருத்துவமனைச் சீட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, தோட்ட அலுவலகத்தில் அந்த வாரத்துக்குள்ளேயே ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.